அங்கீகரிக்கப்பட்ட மழை

மலைநாட்டு ஒலிபரப்பு விருத்திக் கந்தோர் என்று ஓர் அலுவலகம் இருந்ததாகச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அது இருந்த காலத்திலேயே, அதாவது 1962இல், அதிகம் பேர் நம்பவில்லை. ஹட்டன் கடைவீதியில் ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில் பெயர்ப்பலகை தொங்கியது. உள்ளே ஒரு பணிப்பாளர், பணிப்பாளருக்கு ஒரு மேசை, மேசைமேல் ஒரு மணி. மணியடித்தால் ஓடி வர ஆள் இல்லை. ஏழு மாதம் இப்படிக் கழிந்தபின், "இதுவரை ஒலிபரப்பியவை எவை?" என்று கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கந்தோருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே ஒரு திட்டம் தீட்டினார்கள்.

திட்டத்தின் பெயர் தோட்டப்புற இளஞ்செய்தியாளர் விடுமுறைப் பயிற்சி. ஒரு தோட்டத்தில் கம்பி வானொலி அமைப்பது; ஆகஸ்ட் விடுமுறையில் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து, செய்தி திரட்டவும் வாசிக்கவும் பழக்குவது. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் கரும்பாறைத் தோட்டத்துக்கு அந்த யோகம் அடித்தது. கோயிலடியில் ஒன்று, தேயிலைத் தொழிற்சாலையடியில் ஒன்று, ஆட்களைக் கூட்டிப் பேர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் ஒன்று, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான மேல் லயங்களுக்கு நடுவில் ஒன்று என்று நான்கு ஒலிபெருக்கிகளைக் கம்பத்தில் கட்டினார்கள். தோட்டத்து மக்கள் அவற்றுக்குக் கொழாய் என்று பெயர் வைத்தார்கள். பெரட்டுக் களத்தின் ஓரத்தில், கவ்வாத்துக் கத்திகள் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, சுவரெல்லாம் சாக்கு அடித்து, 'கலையகம்' என்று எழுதினார்கள். தகரக் கூரையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்பது கந்தோருக்கு யாரும் எழுத்தில் அறிவிக்காத விஷயம்.

தேர்வானவர்களில் ஒருத்தி பூரணி. பதினாறு வயது. ஹட்டனில் படித்தாள். தகப்பன் இல்லை, கொழுந்து எடுக்கும் தாய் ராக்காயியோடு ஏழாம் லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தாள். இன்னொருவன் கணேசமூர்த்தி, நோர்வூட் ஜவுளிக்கடைக்காரரின் மகன். மற்ற மூவரும் முதல் வாரத்திலேயே ஜலதோஷம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு நின்றுவிட்டதால் அவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை.

திறப்பு விழாவில் பணிப்பாளர் சோமசுந்தரம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து பேசினார்.

"அன்புக்குரிய இளஞ்செய்தியாளர்களே! வானொலி மக்களின் குரல். ஆகவே மக்கள் அதில் கண்டபடி பேசிவிடாமல் பார்த்துக்கொள்வது நமது முதற் கடமை. உண்மையை உடனுக்குடன் சொல்வது நமது நோக்கம். எது உண்மை என்பதை உரிய அதிகாரிகள் உரிய காலத்தில் நமக்கு அறியத் தருவார்கள். அதுவரை நாம் ஆயத்தமாக இருப்போம்!"

கணக்கப்பிள்ளை பொன்னையா முதலில் கைதட்டினார். அவர் கைதட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

முதல் வாரம் மௌனப் பயிற்சி. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பூரணி இரண்டு தடவை இருமினாள். அது குறிப்பேட்டில் ஏறியது. கணேசமூர்த்தி முதலாவதாக வந்தான். அவனுடைய அப்பா கடையில் பேசும்போது பதினேழு வருடம் வாய் திறக்காமல் நின்று பழகியவன் அவன்.

இரண்டாம் வாரம் சிவப்பு விளக்குப் பயிற்சி. அந்த விளக்கு எரியும்போதுதான் பேசலாம், இசைத்தட்டு போடலாம், ஒலிநாடா ஓட்டலாம். செவ்வாய்க்கிழமை பல்ப் பியூஸ் போயிற்று. நோர்வூட் கடைகளில் வெள்ளை பல்ப்தான் இருந்தது.

"செவப்புக் கடதாசி சுத்திப் போடலாங்களா ஐயா?" என்று கேட்டான் கணேசமூர்த்தி.

பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் நிதானமாகத்தான் பேசுவார். "தம்பி, கடதாசி சுத்தின விளக்கு சிவப்பாத் தெரியும். ஆனால் அது சிவப்பு விளக்கு இல்லை. விளங்குதோ?"

கொழும்பிலிருந்து பல்ப் வர ஆறு நாள் ஆயிற்று. பல்ப் வந்த அன்றைக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. 'மழை நேரத்தில் ஒலிபரப்பு இல்லை' என்று ஒரு சுற்றறிக்கை கதவில் ஒட்டப்பட்டது. மழை விட்ட அரைமணி நேரங்களில் கொழாய் பேசியது. "ஒலிபரப்பு ஆரம்பமாகிறது" என்று தொடங்கி, இரண்டு பாட்டுப் போட்டு, "ஒலிபரப்பு நிறைவடைகிறது" என்று முடித்தது.

ஒருநாள் 'மலைநாட்டின் காலநிலை' என்று ஓர் உரைச்சித்திரம் தயாரித்தார்கள். பின்னணிக்கு மழைச் சத்தம் வேண்டும். பணிப்பாளர் ஒரு தட்டை எடுத்தார். மேலே 'மழை, இரண்டு நிமிடம்' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது.

"ஐயா, வெளியிலேயே பெய்யுதுங்களே," என்றாள் பூரணி.

"அது அங்கீகரிக்கப்படாத மழை பிள்ளை. எப்ப கூடும், எப்ப குறையும் எண்டு ஆருக்குத் தெரியும்? இது கொழும்பில கேட்டு, சரி பார்த்து, கையொப்பம் வைச்சு அனுப்பின மழை."

ஆகவே நிஜ மழை விடும்வரை காத்திருந்து, விட்டதும் தட்டு மழையைப் பெய்யவிட்டார்கள். லயத்துப் பெண்கள் வெளியில் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடி வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்த வாரம் ஒரே ஒரு காரியம் சுருக்காக நடந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் சின்னத்தம்பி தப்புப் பறை அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் லயத்தை விட்டுக் கிளம்பிப் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் வாசித்து வேலை பிரித்துக் கொடுப்பார். அந்தத் தப்பை 'கிராமியத் தாளம்' என்று பதிவு செய்யப் பணிப்பாளருக்கு ஆசை வந்தது. பிள்ளைகள் பதிந்தார்கள். உருப்படி இலக்கம் பதினான்கு. கணக்கப்பிள்ளை, தோட்ட நிர்வாகியான துரை, பணிப்பாளர் என்று மூன்று கையொப்பமும் ஒரே நாளில் விழுந்தன. வேலைக்குக் கூப்பிடுகிற சத்தத்தில் துரைக்கு ஆட்சேபனை இருக்க நியாயமில்லை.

நான்காம் வாரம் திங்கட்கிழமை பூரணி ஏழாம் லயத்துக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போனாள். லயத்துக்கு நேர் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், நிலம் வெடித்திருந்தது. மூன்று விரல் அகலம். ஒரு குச்சியை உள்ளே விட்டாள். குச்சி முழுதாக உள்ளே போயிற்று. புதன்கிழமை அதே இடத்தில் அவள் கை முழங்கைவரை போயிற்று. கையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்த வெடிப்புக்குக் கீழே ஏழாம் லயமும் எட்டாம் லயமும், இருபத்திநான்கு காம்பராக்களும், காய்ச்சலில் படுத்திருந்த அவள் அம்மாவும் இருந்தார்கள்.

முதலில் லயத்தில்தான் சொன்னாள். பக்கத்துக் காம்பராச் செல்லசாமி போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

"வெடிச்சுத்தான் இருக்கு," என்றார். "அதுக்குன்னு எங்க போறது? சொல்லாம கொள்ளாம லயத்த விட்டுப் போனா பேர வெட்டிப்புடுவாங்க. நீ ரேடியோப் புள்ளதானே? கொழாய்ல சொல்லச் சொல்லு. கொழாய்ல சொல்லட்டும், அடுத்த நிமிசம் எறங்கிடுறோம்."

"நான் சொல்றேனே மாமா, அது பத்தாதா?"

"நீ சொல்றது நீ சொல்றது. கொழாய்ல வந்தா அது செய்தி."

கணக்கப்பிள்ளை பொன்னையாவிடம் போனாள். அவர் வெடிப்பைப் பார்க்கப் போகவில்லை. "தொரை நுவரெலியாவுக்குப் போயிருக்காங்க. வந்து பாத்து, வெடிச்சிருக்குன்னு சொன்னாங்கன்னா வெடிச்சிருக்கு. அதுக்கு முந்தி நான் எப்புடிச் சொல்றது?" என்றார்.

பிறகுதான் கந்தோரின் செய்திப் படிவத்தை நிரப்பினாள். வியாழக்கிழமை பணிப்பாளர் அதை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

"பிள்ளை, 'நிகழ்ந்த திகதி' எண்ட இடத்தில 'இன்னும் இல்லை' எண்டு எழுதியிருக்கிறீர்."

"இன்னும் நடக்கலீங்க ஐயா. நடக்கிறதுக்கு முந்திச் சொல்லணும்னுதாங்க."

"நடந்ததைச் சொன்னால் செய்தி. நடக்கப்போறதைச் சொன்னால் சோதிடம். எங்கட கந்தோரில சோதிடப் பிரிவு இல்லை." அவர் விரல் கீழே இறங்கியது. "இறந்தோர் தொகை?"

"யாரும் சாகலீங்க."

"அப்ப ஏன் மேல 'அவசரம்' எண்டு போட்டனீர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதது தன் குற்றமா என்று ஒரு கணம் பூரணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பணிப்பாளர் இரக்கமில்லாதவர் அல்ல. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதையும். இதை எச்சரிக்கை எண்ட தலைப்பில கொழும்புக்கு அனுப்பி வைக்கிறன். அங்க முன்மாதிரி இருக்கோ எண்டு தேடிப் பார்ப்பினம்," என்றார். அவளுக்கு முன்னாலேயே உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினார்.

வெள்ளியும் சனியும் மழை விடவேயில்லை. காம்பராவின் கதவு சட்டத்தில் இறுகித் திறக்க மறுத்தது. ராக்காயி படுத்தபடியே, "சொவரு என்னமோ முனகுதுடி," என்றாள். காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைக்கப் பூரணி எவ்வளவோ முயன்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் கணேசமூர்த்திக்கும் 'நாடா காவல்' முறை. ஈரத்தில் நாடாக்கள் பூஞ்சணம் பிடித்துவிடாமல், கொட்டகைக்குள் கரிச்சட்டி வைத்துச் சூடு காட்ட வேண்டும். பணிப்பாளர் ஹட்டனில் இருந்தார். ஒலிவாங்கியையும் சிவப்பு பல்பையும் பெட்டியில் பூட்டிச் சாவியையும் கொண்டுபோயிருந்தார். தோட்டத்தில் மனிதருக்கு அன்று லீவு. நாடாக்களுக்கு மட்டும் கணப்பு.

மத்தியானம் இரண்டரை மணிக்குச் சின்னத்தம்பி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார். கையில் காலி வாளி.

"இதென்னடி பூரணி அதிசயம்? இந்தக் கொட்டு கொட்டுது மழ. ஏழாம் லயத்துப் பீலியில சொட்டுத் தண்ணி இல்ல. செத்த முன்ன செக்கச்செவேல்னு சேறா வந்துச்சு, அப்புறம் நின்னே போச்சு."

அந்தப் பீலி கோடையில்கூட நின்றதில்லை. மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழுகிற தண்ணீர் இந்த மழையில் நின்றால், அது உள்ளே வேறெங்கோ வழி தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓடிப் போய்ச் சொன்னால் செல்லசாமி மறுபடியும் கொழாயைத்தான் காட்டுவார். ஒலிவாங்கி பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு காம்பராவாகக் கெஞ்சி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

பூரணியின் கண் கரிச்சட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த நாடாக்கள்மேல் விழுந்தது.

"கணேசு, பதினாலாம் நம்பர எடு."

கணேசமூர்த்தி பதறினான். "மழ பெய்யுது. செவப்பு லைட்டு போடணும்னா சாவி வேணும். அது கலை நிகழ்ச்சி, காலையில பத்தேகாலுக்குத்தான் போடலாம். அனுமதி யாரு தந்தா?"

"மூணு கையெழுத்தும் இருக்கே. இந்தத் தோட்டத்துல அனுமதி கெடச்ச ஒரே சத்தம் அதுதான். எங்கம்மா அங்க படுத்திருக்கு கணேசு."

பதினேழு வருடம் மௌனமாக நின்று பழகியவன் இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை மாட்டி, சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினான்.

நான்கு கொழாய்களிலும் பெரட்டுத் தப்பு முழங்கியது. வாளியோடு நின்ற சின்னத்தம்பி தன் தப்பைத் தானே கேட்டுத் திடுக்கிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்.

மலை வெடித்திருக்கிறது என்றபோது அசையாத லயங்கள் தப்புக்கு அசைந்தன. ஞாயிற்றுக்கிழமையில் என்ன பெரட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டார்கள். வராதவர் பேர் போய்விடும். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பரா அன்று பூட்டு. ஆகவே கைக்குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். காய்ச்சல்காரர்களும் எழுந்தார்கள். நடக்க முடியாத அளவுக்குச் சுகமில்லை என்பதைப் பெரட்டுக்கு நடந்து வந்துதான் சொல்ல வேண்டும், அப்போதுதான் மருந்துத் துண்டு கிடைக்கும் என்பது தோட்டத்துச் சட்டம். வயதாகிப் பேர் வெட்டப்பட்ட கிழவர்களும் வந்தார்கள். நேரங்கெட்ட நேரத்தில் பெரட்டு என்றால் ஒருவேளை தங்களுக்கும் பேர் போடத்தானோ என்று அவர்களுக்கு ஒரு நப்பாசை.

செல்லசாமியின் தோளில் சாய்ந்து, போர்வை மழையில் நனைய, ராக்காயியும் வந்து சேர்ந்தாள். கொட்டகை வாசலில் நின்ற பூரணி அம்மாவைப் பார்த்துவிட்டு அழுதாள். வாய்விட்டுத்தான் அழுதாள். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் பின்னால் கணக்கப்பிள்ளை பொன்னையா, பாதிச் சோற்றில் எழுந்த கையோடு, பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். யார் பெரட்டுப் போட்டது என்று அவர் கேட்கவில்லை. தப்பு அடித்திருக்கிறது என்றால் துரை சொல்லியிருக்கிறார். தப்புக்கு மேலே குரலை உயர்த்திப் பேர் வாசிக்கத் தொடங்கினார்.

"அம்மாக்கண்ணு!"

"இருக்கேங்க."

"இராமையா!"

"இருக்கேங்க."

பூரணி கூட்டத்தைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைச் செடிகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஒன்றுமே நடக்காவிட்டால்? இத்தனை பேரையும் மழையில் நிற்கவைத்ததற்கு என்ன பதில் சொல்வது? ஒன்றும் நடக்கக்கூடாது என்றும், நடக்காமல் போய்விடக்கூடாது என்றும் சாமியிடம் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டாள். பேர்கள் ஏழாம் லயத்துக்கு வந்தன.

"செல்லசாமி!"

"இருக்கேங்க."

"ராக்காயி!"

ராக்காயி வாயைத் திறந்தாள். அவள் குரல் வருவதற்குள் மேலே ஒரு சத்தம் கேட்டது. தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் நின்றபடியே கீழே நகர்ந்தன. அடுத்த நொடி ஏழாம் லயத்தின் கூரை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எட்டாம் லயமும் போயிற்று. அங்கே நின்ற கொழாய்க் கம்பம், தப்பு முழங்கிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து மண்ணுக்குள் போயிற்று.

பொன்னையாவின் கையில் பென்சில் நின்றது. கடைசியில் ராக்காயிதான் பேசினாள்.

"இருக்கேங்க," என்றாள்.

அவர் அடையாளமிட்டார்.

ஆடுகளும் கோழிகளும் செத்தன. மனிதர் ஒருவரும் சாகவில்லை. எந்தக் கந்தோரும் கோபப்பட இது போதுமான காரணம்.

வியாழக்கிழமை விசாரணை. மழை நேரத்தில் ஒலிபரப்பியது, சிவப்பு விளக்கில்லாமல் ஒலிபரப்பியது, காலை நிகழ்ச்சியை மத்தியானத்தில் ஒலிபரப்பியது, நாடாவுக்குக் கணப்புக் காட்டுவதை இடையில் நிறுத்தியது என்று பூரணிமேல் நான்கு குற்றங்கள். பணிப்பாளர் எழுந்து நின்று தீர்ப்புரை வழங்கினார்.

"செல்வி பூரணியின் செயலால் இருநூறு பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். கந்தோர் அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த விதியின் கீழ் உயிரோடிருக்கிறார்கள்? இன்று ஒரு பிள்ளை உண்மையை முன்கூட்டியே அறிவித்தால், நாளை எல்லாரும் அறிவிப்பார்கள். பிறகு அதிகாரிகள் எதற்கு? மண்சரிவைப் பற்றி அன்று மாலையே நாம் செய்தி வெளியிட்டிருப்போம். இறந்தோர் தொகை இல்லாததால் படிவம் பூர்த்தியாகவில்லை என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

தேறியதையும் தேறாததையும் குறித்துப் பூரணிக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. 'கிராமியத் தாளம்: சித்தி. செய்தி: சித்தியில்லை. பயிற்சிக் காலத்தில் செய்தி எதுவும் வழங்கவில்லை.' அவள் அதை நான்காக மடித்தாள். வைப்பதற்குத்தான் பெட்டி இல்லை. பெட்டி மண்ணுக்குள் இருந்தது.

இரண்டு லயத்து ஆட்களையும் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் தங்கவைத்தார்கள். செப்டம்பர் நடுவில் மழை விட்டு, பளிச்சென்று வெயில் அடித்த ஒரு காலை, கந்தோருக்குக் கொழும்பிலிருந்து ஓர் உறை வந்தது. பூரணியின் படிவம். முன்மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அனுமதி என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தார்கள். அனுமதி கிடைத்த உருப்படியை ஒலிபரப்பாமல் விடுவது ஒழுங்கீனம் என்பதில் பணிப்பாளருக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பு விளக்கைப் போட்டார். பின்னணிக்கு மழைத் தட்டையும் போட்டார்.

மிச்சமிருந்த மூன்று கொழாய்களிலும் மழை கொட்டத் தொடங்கியது. அதன்மேல் பணிப்பாளரின் குரல் திருத்தமாக வந்தது.

"ஏழாம், எட்டாம் லயங்களில் வசிப்போரின் கவனத்துக்கு. லயங்களுக்கு மேலே நிலத்தில் வெடிப்பு காணப்படுவதால், அனைவரும் தாமதமின்றி வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

வாட்டும் மாடியில் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். எதிரே, லயங்கள் இருந்த இடத்தில், சிவப்பு மண் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. செல்லசாமி எழுந்து கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"கொழாய்ல சொல்லிட்டாங்க," என்றார். "வா ராக்காயி, எறங்கிடுவோம்."

ராக்காயி சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது சிரிப்பாக இல்லை. பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்து, கொழாயில் அந்த மழை விடும்வரைக்கும் விடாமல் வைத்துக்கொண்டாள்.